நிறுத்தத் தெரிந்த கரி

கரி வாங்கத் தூத்துக்குடிக்குப் போகிறேன் என்று சொன்னபோது, என் தங்கையின் கணவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, எந்த ‘ரி’ என்று கேட்டார். சின்ன ‘ரி’தான் என்றேன். பினாங்கில் இல்லாத கரியா அங்கே இருக்கிறது என்றார். அவர் கேட்டதில் தப்பில்லை. எங்கள் பக்கம் தேங்காய்க்குப் பஞ்சமில்லை. ஆனால் சிரட்டையை எல்லாம் கொப்பரை காயவைக்கும் அடுப்பிலேயே எரித்துத் தீர்த்துவிடுகிறார்கள். எனக்கு வேண்டியது சிரட்டைக்கரி. அதிலும் ஒரே ஒரு தடவை வந்து, பிறகு வராமல் போன ஒரு குறிப்பிட்ட கரி.

விஷயம் இதுதான். எங்கள் தொழிற்சாலை ரப்பர் பாலைக் கெட்டியாக்கி டிரம்மில் அடைத்து அனுப்புகிறது. மிஞ்சும் தண்ணீர்ப் பாலில் கந்தக அமிலத்தை விட்டுத் திரிய வைக்கிறோம். அந்தக் கழிவுநீர் பின்னாலிருக்கும் குளத்தில் தேங்கி, அழுகிய முட்டை நாற்றம் எழும். குளத்தின் அந்தக் கரையில் தொழிலாளர்களைக் குடிவைத்த லயத்து வீடுகள். அவற்றில் ஒன்றில்தான் என் தங்கை குடியிருக்கிறாள். சமைக்கும்போது சன்னலைச் சாத்தினால் அடுப்புப் புகை, திறந்தால் குளம். சோறு உண்ணும்போது மூக்கால் மூச்சு விடாமல் உண்ணப் பழகிவிட்டதாக ஒருமுறை சிரித்துக்கொண்டே சொன்னாள். தொழிற்சாலையின் வேதியியல்காரன் நான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

குளத்தைக் கித்தான் போட்டு மூடி, உள்ளிருக்கும் காற்றை விசிறி வைத்து இழுத்து, கரி நிரப்பிய ஒரு பெட்டி வழியாக விட்டேன். கரி அங்கே வடிகட்டி மட்டுமல்ல. நாற்ற வாயுவையும் காற்றிலுள்ள ஆக்ஸிஜனையும் தன் துளைகளுக்குள் கூட்டிவைத்து, வாயுவை மஞ்சள் கந்தகமாக மாற்றிவிடும். தான் மாறாது. இதைத்தான் வினையூக்கி என்று பாடப்புத்தகத்தில் எழுதுகிறோம். சிக்கல் என்னவென்றால், மட்டமான கரிக்கு நிறுத்தத் தெரியாது. கந்தகத்தோடு விடாமல் மேலும் மேலும் ஆக்ஸிஜனை ஏற்றி அமிலமாக்கிவிடும். அமிலம் பெட்டியைத் தின்னும், கரியின் வேலையையும் கெடுக்கும்.

தூத்துக்குடிக் கரிக்கடை ஒன்றிலிருந்து வந்த முதல் லோடு நிறுத்தத் தெரிந்த கரி. நாங்கள் நீராவியில் மறுபடி சுட்டுப் பெட்டியில் போட்டதும் நாலு மாதம் நாற்றமே இல்லை. தங்கை சன்னலுக்குத் திரைச்சீலை தைத்துப் போட்டாள். அதே கடையிலிருந்து வந்த இரண்டாம் லோடு, மூன்றே வாரத்தில் அமிலம் சொட்டியது. முதல் லோடில் வெள்ளையாய் ஏதோ பூத்திருந்தது நினைவுக்கு வந்து, கடையுப்பைக் கரைத்து ஊற்றிப் பார்த்தேன். பலிக்கவில்லை. இன்னொரு தடவை சொட்டினால் பெட்டியைக் கழற்றிவிடுவோம் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். கையிலிருந்த விடுப்பை எல்லாம் சேர்த்து எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

தூத்துக்குடியில் இறங்கிய அன்று காற்று சுழற்றிச் சுழற்றி அடித்தது. பல்லில் மணல், உதட்டில் உப்பு. சுவர்களில் முந்தின தேர்தலின் பசு-கன்று சின்னங்கள் பாதி அழிந்து நின்றன. புதுத் துறைமுகத்தில் ஒரு கப்பலிலிருந்து கந்தகம் இறங்கிக்கொண்டிருந்தது. அவ்வளவு மஞ்சளை நான் ஒரே இடத்தில் பார்த்ததில்லை. மண்வெட்டியால் வாரி லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கண் எரியாதா என்று தலையில் துணி சுற்றியிருந்த ஒருவரிடம் கேட்டேன். எரியத்தான் செய்யும், ஆனால் கருவாட்டு மூட்டைக்கு இது தேவலை என்றார். அங்கே நான் காற்றிலிருந்து தூசு தூசாய்ப் பிடிக்கிற பொருள் இங்கே மலையாய்க் குவிந்து கிடக்கிறது. அதைப் பார்த்து எனக்கு ஏனோ கொஞ்சம் அவமானமாக இருந்தது.

கரிக்கடை அண்ணாச்சி கடற்கரைச் சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில் கடை வைத்திருந்தார். கரிக்கடை வைத்திருப்பவருக்கு அப்படி ஒரு வெள்ளை வேட்டி. என்னைக் கண்டதும் எழுந்து நின்றுவிட்டார். அவ்வளவு தூரத்திலிருந்து ஒருவன் கரியைப் பற்றிப் பேச வந்திருக்கிறான் என்றால் அது புகாராகத்தான் இருக்கும் என்று அவர் முடிவு கட்டிவிட்டது முகத்திலேயே தெரிந்தது. குறை சொல்ல வரவில்லை என்றேன். நம்பவில்லை. ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பொரித்த பரோட்டா வாங்கிக் கொடுத்தார். எங்கள் ஊர் ரொட்டி சானாய் வாழை இலை மாதிரி மடியும். இது அப்பளம் மாதிரி நொறுங்கியது. சால்னாவை ஊற்றி ஊறவிட்டுச் சாப்பிடச் சொன்னார். அவசரப்பட்டு அப்படியே கடித்து மேல் அண்ணத்தைக் கிழித்துக்கொண்டேன். எங்களுக்கு அனுப்புகிற கரி முழுக்கப் பெரியதாழையில் பிலோமினா என்கிற அம்மாள் சுடுவது என்று சொல்லி, போவதற்கு வழியும் சொன்னார்.

மறுநாள் காலை பஸ். உடன்குடி தாண்டியதும் ரோட்டின் மேல் தேரிக்காட்டுச் செம்மணல் புரண்டு கிடந்தது. பஸ் அதில் ஏறி, உறுமி, உட்கார்ந்துவிட்டது. எல்லோரும் இறங்கினோம். யாருக்கும் கோபமில்லை. பக்கத்துப் பனைகளடியில் கிடந்த ஓலைகளை இழுத்து வந்து சக்கரத்துக்கு முன்னால் பரப்பினார்கள். நானும் ஓலை இழுத்தேன், மட்டைக் கருக்கு கையைக் கீறியது. எனக்குப் பின்னால் மீன்கூடைக்காரிகள் இரண்டு பேர் என்னைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள். “ஏளா, இவுக எந்த ஊரு? தமிழுதான் பேசுதாக, ஆனா ரேடியோவுல வாசிக்க மாதிரில்லா இருக்கு,” என்றாள் ஒருத்தி. எனக்குக் கேட்டுவிட்டது தெரிந்ததும் கூடையிலிருந்த பதநீர்ச் செம்பை நீட்டினாள்.

பிலோமினா அக்காவுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கலாம். கணவர் கொழும்புக்குப் போகும் தோணியில் வேலை, வருஷத்தில் பாதி நாள் கடலில். வீட்டையொட்டித் தென்னந்தோப்பு, தோப்புக்குள் நாலு கரிக்குழிகள். கடலோரம் அல்லவா, கால் வைக்கிற இடமெல்லாம் மணல். குழிகளைச் சுற்றிப் பெருக்கி, தகரங்களை அடுக்கி, கல்யாண வீடு மாதிரி வைத்திருந்தார். அண்ணாச்சி முந்தின நாளே லாரி டிரைவரிடம் சொல்லி அனுப்பிவிட்டார் என்று பிறகுதான் தெரிந்தது. கருப்பட்டிக் காப்பி கொடுத்தார். குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்ததும் நான் கேட்ட கேள்வி இது: முதல் லோடு கரியில் நீங்கள் என்ன கலந்தீர்கள்?

ஆய்வுக்கூடத்தில் நாங்கள் அப்படித்தான் பேசுவோம். இதில் என்ன கலந்தாய், எவ்வளவு கலந்தாய். இங்கே அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான். பாலில் தண்ணீர் கலப்பது, அரிசியில் கல் கலப்பது. அக்கா டம்ளரை எடுத்து உள்ளே வைத்துவிட்டு வந்து, கையைச் சேலையில் துடைத்தார்.

“நான் என்னத்த கலந்தேன்னு கேக்கிய? அந்தோணியார் மேல ஆண, ஒண்ணும் கலக்கல. வேணும்னா குழியப் பாருங்க.”

குழியைப் பார்த்தேன். சிரட்டையைப் பற்றவைத்து, புகை தெளிந்ததும் மேலே தகரத்தைப் போட்டு, தகரத்தின் மேல் மணலை அள்ளி மூடுகிறார்கள். ஆறியதும் கரி. இதில் ஒளிக்க ஒன்றுமில்லை. குழியிலும் கரியிலும் மணலிலும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்துக் காகிதத்தில் கட்டிக்கொண்டேன். கட்டக் கட்ட அவர் முகம் இறுகியதைக் கவனித்தேன். ஆனாலும் கட்டினேன். சொல்லிக்கொள்ளும்போது அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் என் வாயை நானே திட்டிக்கொண்டு வந்தேன்.

மூன்றாம் நாள், வேறு வழி தெரியாமல் அண்ணாச்சி கடையிலேயே போய் உட்கார்ந்தேன். இந்தத் தடவை கேள்வியை மாற்றிக் கேட்டேன். முதல் லோடுக்கும் இரண்டாம் லோடுக்கும் நடுவில் வேலை செய்யும் விதத்தில் ஏதாவது மாறியதா? அண்ணாச்சியின் முகம் மலர்ந்துவிட்டது. இதைத்தானே கேட்டிருக்க வேண்டும் என்பது போல உள்ளே போய் ஒரு ஃபைலை எடுத்து வந்து, பிரித்து என் முன்னால் வைத்தார்.

“எல்லாம் உங்க லெட்டர்படிதான சார். அதுக்குப் பொறவு ஒரு பொட்டு வெள்ள உண்டுமா பாருங்க.”

எங்கள் தொழிற்சாலையின் கடிதத் தாள். முதல் மூட்டையைப் பிரித்த அன்று எழுதியது. கரியின் மேல் வெள்ளையாகப் பூத்திருக்கிறது, இது ஏற்கத்தக்கதல்ல, இனிமேல் சுத்தமான கரி மட்டுமே அனுப்பவும். கீழே கையெழுத்து என்னுடையது. சோதிப்பதற்கு முன்னாலேயே, பார்த்த மாத்திரத்தில் எழுதித் தபாலில் போட்டுவிட்டு மறந்திருக்கிறேன். வாரத்துக்குப் பத்துக் கடிதம் எழுதுகிற உத்தியோகம், எதுவும் நினைவில் நிற்பதில்லை. தேடி வந்த கரியை நிறுத்தியவன் நான்தான். எழுந்து வாசலுக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். அண்ணாச்சி வெயில் தாங்கவில்லை போல என்று நினைத்து ஒரு சோடா உடைத்துக் கொடுத்தார். கடிதம் வந்ததும் பெரியதாழைக்குப் போய்க் கொஞ்சம் கடுமையாகவே சொல்லிவிட்டு வந்ததாகவும், அங்கே கிடந்த பத்து மூட்டையை வாங்க மறுத்துவிட்டதாகவும் பெருமையாகச் சொன்னார். வெள்ளை எதனால் வந்தது என்று அவருக்குத் தெரியவில்லை. அதை அவர் அங்கே கேட்கவும் இல்லை.

நாலாம் நாள் மறுபடி பெரியதாழை. பஸ் மணலில் சிக்கவில்லை, அதனால் நினைத்ததைவிடச் சீக்கிரம் போய்விட்டேன். என்ன பேசுவது என்று வழியில் யோசித்து வைத்ததில் பாதிதான் தேறியிருந்தது. பிலோமினா அக்கா சிரட்டை உடைத்துக்கொண்டிருந்தார். எழுந்திருக்கவில்லை. நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, குளத்தைப் பற்றிச் சொன்னேன், தங்கையைப் பற்றிச் சொன்னேன், அவள் தைத்துப் போட்ட திரைச்சீலையைப் பற்றிச் சொன்னேன். வெள்ளை பூத்த கரிதான் நல்ல கரி என்றும், அதை வேண்டாம் என்று எழுதிய மடையன் நான்தான் என்றும் சொன்னேன். அவர் அரிவாளைக் கீழே வைத்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் எழுந்து தோப்புக்குள் கூட்டிக்கொண்டு போனார்.

அவர் சொன்னதை என் மொழியில் சொல்கிறேன். கடலைவிட்டுத் தள்ளியிருக்கும் ஊர்களில் கரி சுடுகிறவர்களுக்குக் களிமண் உண்டு, குழியை மூடலாம். இங்கே மணல் மட்டும்தான். அப்படியே போட்டால் சிரட்டைச் சந்து வழியாக உள்ளே சரிந்துவிடும். அதனால் கரை ஒதுங்கும் கடல்பாசியை ஈரத்தோடு அள்ளிவந்து குழியின் மேல் மெத்தையாகப் பரப்பி, அதற்கு மேல்தான் மணல் போடுவார்களாம்; தகரம் வந்ததே என் கடிதத்துக்குப் பிறகுதான். சூட்டில் பாசி வெந்து, அதன் தண்ணீர் கரியில் சொட்டும். ஆறினால் வெள்ளை. அவருக்கு அது கலப்பதே அல்ல. மூடிபோடுவது. என்ன கலந்தீர்கள் என்று நான் கேட்டேன், கலக்கவில்லை என்றார். இரண்டு பேரும் உண்மையைத்தான் பேசியிருக்கிறோம்.

கடல்பாசிச் சாம்பலில் அயோடின் இருப்பது பள்ளிக்கூடப் பாடம். அயோடைடு உப்பு கரியில் ஏறினால் அது கந்தகத்தோடு நிறுத்திக்கொள்ளும் என்பதும் நான் எங்கேயோ படித்ததுதான். இதைக் கண்டுபிடிக்கக் கடல் தாண்டி வந்திருக்க வேண்டியதே இல்லை. ஆனாலும் எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்க முடியவில்லை. அப்படியென்றால் பழையபடி பாசியே போட்டுவிடுங்கள் அக்கா, அண்ணாச்சிக்கு நான் எழுதித் தருகிறேன் என்று படபடவென்று பேசிக்கொண்டே போனேன். அவர் கொஞ்சம் தள்ளிப் போய், கறுத்துக் கிடந்த ஓரிடத்து மணலைக் காலால் கிளறினார்.

நாற்றம் எழும்பியது. அழுகிய முட்டை. கண்ணை மூடிக்கொண்டிருந்தால் தங்கை வீட்டு வாசல் என்றே நினைத்திருப்பேன். அதே வாயு. ஈரப்பாசி குவிந்து கிடந்து அழுகினால் அதுதானே வரும்.

பாசி தினமும் ஒதுங்காது, காற்று அடிக்கும் நாளில்தான் ஒதுங்கும். அதனால் அள்ளி வந்து இங்கேதான் குவித்து வைப்பார்களாம். கடற்கரையில் வைத்தால் அலை கொண்டுபோய்விடும். அடுத்த தோப்பில் வைத்தால் சண்டை. குவியல் கிடந்த இடத்திலிருந்து அவருடைய அடுப்படி இருபது அடி கூட இருக்காது.

“அந்த லெட்டரு வந்தன்னைக்கு அண்ணாச்சி ஏசுனதுக்கு அழுதேன் தம்பி. ஆனா பாசிய வாரிக் கடல்ல போட்ட பொறவு, எட்டு வருசத்துல மொதவாட்டி வீட்டுக்குள்ள வயிறு நெறையச் சாப்பிட்டோம். இப்பம் போடுன்னு சொல்லுதிய. போடுதேன். நீங்க கேட்டா போடத்தான செய்யணும்.”

அவர் குற்றமாகச் சொல்லவில்லை. சரி என்றுதான் சொன்னார். தலையாட்டிவிட்டுக் கிளம்பியிருந்தால் வந்த காரியம் முடிந்தது. தங்கையின் முகம் கண்முன்னால் வந்தது. அதே சமயத்தில், அவளை அந்தக் குளத்தங்கரையில் கொண்டுபோய்க் குடிவைத்ததும் என்னைப் போல ஒருவன் மேஜையிலிருந்து வீடு ஒதுக்கி எழுதிய ஒரு கடிதம்தான் என்பதும் தோன்றியது. அந்த மனிதர் நல்லவராகத்தான் இருந்திருப்பார். நாற்றம் என்ன செய்யும் என்று அவரிடம் யாரும் மணலைக் கிளறிக் காட்டியிருக்க மாட்டார்கள்.

வேண்டாம் அக்கா என்றேன். பாசி ஒதுங்கும்போது கரையிலேயே பரப்பிக் காயவைத்து, அங்கேயே எரித்து, சாம்பலை மட்டும் தகரத்தில் அடைத்துக் கொடுங்கள். கரி தகரம் மூடிய கரியாகவே இருக்கட்டும். சாம்பலைக் கரைத்து அதில் ஏற்றுகிற வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன். சாம்பல் அப்படி வேலை செய்யுமா என்று கேட்டார். செய்ய வேண்டும், ஆனால் எவ்வளவு போட வேண்டும் என்பதெல்லாம் செய்து பார்த்தால்தான் தெரியும் என்று உள்ளதைச் சொன்னேன். அதுவரைக்கும் தங்கச்சி என்ன செய்வாள் என்றார். சன்னலைச் சாத்திக்கொள்வாள் என்றேன்.

மத்தியானம் போக விடவில்லை. சாளை மீன் குழம்பும் முருங்கைக்கீரையும் வைத்து, அடுப்படியிலேயே இலை போட்டார். முத்துக் குளித்த காலத்தில் சிப்பியைக் குவித்து அழுகவிட்டுத்தான் முத்தைப் பொறுக்குவார்களாம். கடற்கரை பூராவும் நாறுமாம். ஆனாலும் அது ஒரு மாசத்துக் கூத்து, பார்க்க ஊர் ஊராய் ஜனம் வரும் என்றார். மூக்கைத் திறந்துவைத்துக்கொண்டு நிதானமாகச் சாப்பிட்டேன். குழம்பில் புளி கொஞ்சம் தூக்கலாக இருந்தது.

மிச்ச நாட்களைத் தூத்துக்குடியில் கழித்தேன். அண்ணாச்சிக்கு வெள்ளை பற்றி விளக்கிச் சொல்லி முடிப்பதற்குள் ஒரு முழு மத்தியானம் போயிற்று. குற்றம் என்று சொன்னதை இப்போது குணம் என்று சொல்கிறேனே, அடுத்த மாதம் என்ன சொல்வேனோ என்று அவருக்குப் பயம். நியாயமான பயம்தான். ஊருக்கு முந்திரி மக்ரூன் வாங்கினேன். பொட்டலம் கட்டிக் கொடுத்தவர் நசுக்கிவிடாதீர்கள் என்று மூன்று தடவை சொன்னார். அப்படியும் நசுங்கியது.

கிளம்புகிற அன்று காலை, சாம்பல் தகரத்தை வாங்கிக்கொள்ள அண்ணாச்சி கடைக்குப் போனேன். பிலோமினா அக்கா தானே லாரியில் வந்து இறங்கியிருந்தார். சாம்பல் தகரம் இருந்தது. கூடவே ஐந்து மூட்டைக் கரியும். ஒன்றின் வாயைப் பிரித்தேன். கரி வெள்ளையாகப் பூத்திருந்தது. சாக்கில் காய்ந்த பாசி நார் ஒட்டிக்கொண்டிருந்தது. வேண்டாம் என்று சொன்னேனே அக்கா என்றேன். சத்தம் கொஞ்சம் கூடிவிட்டது.

“ஒரு குழிதான் தம்பி. சாம்பலு பலிக்குமட்டும் தங்கச்சிக்கு ஆவட்டும். மூணு நாளு சோத்தத் தூக்கிட்டுக் கடக்கரையில போயித் தின்னோம், அவ்வளவுதான்.”

அண்ணாச்சி வெள்ளையைப் பார்த்ததும் பழக்க தோஷத்தில் துண்டை எடுத்துத் தட்டப் போனார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அந்த ஐந்து மூட்டைதான் எங்களைக் காப்பாற்றியது. அது பெட்டியில் வேலை செய்துகொண்டிருக்கும்போதே நான் ஆய்வுக்கூடத்தில் வேறொரு சின்னப் பெட்டி வைத்துச் சாம்பலோடு மல்லுக்கட்டினேன். முதல் தடவை கரி அடைத்துக்கொண்டது. இரண்டாம் தடவை அமிலம் சொட்டியது. மூன்றாம் தடவைதான் கரி கந்தகத்தோடு நின்றது. இப்போது மாதாமாதம் சாம்பல் வருகிறது, பாசி வருவதில்லை. தங்கை என் கெட்டிக்காரத்தனத்தை அக்கம்பக்கத்தில் சொல்லிப் பெருமைப்படுகிறாள். அவளிடம் நான் சொல்லாதது ஒன்று உண்டு. அந்த ஒரு குழிக் கரி மட்டும் கையில் இல்லாதிருந்தால், சாம்பல் முதல் தடவை தோற்ற அன்றே, பழையபடி பாசி போட்டு மூடவும் என்று அண்ணாச்சிக்குக் கடிதம் எழுதித் தபாலில் சேர்த்திருப்பேன்.